பரணில் துப்பாக்கி: வாங்கும் முன் தெரிய வேண்டியவை

லைசென்ஸ் யாருக்குக் கிடைக்கும், எந்தத் துப்பாக்கி, அது எதற்கு உதவும், எதற்கு உதவாது?

மலையடிவாரக் கிராமங்கள் உள்ள எந்த மாவட்டத்திலும், விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஒரு கோரிக்கை தவறாமல் எழும். "பன்றியைத் தடுக்க உங்களால் முடியவில்லை. யானையை விரட்ட ஆள் கேட்டால் விடிந்த பிறகுதான் வருகிறார்கள். எங்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸாவது கொடுங்கள்" என்று ஒருவர் எழுந்து சொல்வார். சுற்றிலும் இருப்பவர்கள் மேசையைத் தட்டுவார்கள். அதிகாரிகள் குறித்துக்கொள்வார்கள். அடுத்த மாதமும் அதே கோரிக்கை வரும்.

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. தாளவாடி, கடம்பூர், பர்கூர் மலைப்பகுதிகளில் மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவத்தில் ஒரு பன்றிக் கூட்டம் இறங்கினால் ஓர் இரவில் ஏக்கர் கணக்கில் உருட்டித் தள்ளிவிடும். தின்றது கொஞ்சமாகவும் மிதித்தது அதிகமாகவும் இருக்கும். தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் ராகி அறுவடைக்கு வரும்போது பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைகள் வந்துவிடும். வாழை, கரும்பு, மரவள்ளி, நிலக்கடலை எதுவும் தப்பாது. பயிருக்காகப் பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருக்கும் விவசாயி தன் உயிருக்கும் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். கையில் ஒரு துப்பாக்கி இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் லைசென்ஸ் கிடைத்துவிட்டால் என்ன செய்யலாம் என்பதில்தான் பெரும்பாலானோருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது.

இரண்டு சட்டங்கள்

துப்பாக்கி வைத்திருப்பதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், அதன் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. விலங்கைச் சுடுவதைக் கட்டுப்படுத்துவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். முதல் சட்டத்தில் அனுமதி வாங்கிவிட்டால் இரண்டாவதிலும் வாங்கியதாக ஆகாது. பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான்.

ஆயுதச் சட்டம் விவசாயியை மறந்துவிடவில்லை. பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி கேட்கலாம் என்று 13ஆம் பிரிவே சொல்கிறது. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். உடல், மனநலச் சான்று வேண்டும். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றும் வேண்டும். காவல் நிலையத்திலிருந்து அறிக்கை போகும். அதன் பிறகு மாவட்ட ஆட்சியர் முடிவெடுப்பார், மாநகரக் காவல் எல்லைக்குள் என்றால் காவல் ஆணையர். மறுத்தால் பொதுவாகக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கி வைத்திருக்கலாம்.

இதில் காட்டோர விவசாயிக்கு மட்டும் கூடுதலாக ஒரு கதவு இருக்கிறது. வன உயிரினச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, ஒரு சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிதாகத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க வேண்டுமானால் முதன்மை வன உயிரினக் காப்பாளரின் இசைவு முன்கூட்டியே வேண்டும். ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவரும் வனத்துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சத்தியமங்கலம், முதுமலை, காவிரி தெற்கு, தந்தை பெரியார் சரணாலயங்களைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பார்த்தால், துப்பாக்கி கேட்கும் ஊர்களில் பெரும்பாலானவை அதற்குள் வந்துவிடும். எங்கே தேவை அதிகமோ அங்கேதான் கட்டுப்பாடும் அதிகம். விவசாயிக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். வேட்டையைத் தடுப்பதற்காக வந்த கட்டுப்பாடு அது.

சரி, லைசென்ஸ் வந்துவிட்டது. தோட்டத்தில் பன்றி நிற்கிறது. சுடலாமா? கூடாது. காட்டுப்பன்றி இப்போது வன உயிரினச் சட்டத்தின் 2ஆம் அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கொல்வது வேட்டைதான், சொந்தத் தோட்டத்தில் நின்றாலும் வேட்டைதான். யானை, கரடி, சிறுத்தை, காட்டெருமை, மயில் எல்லாம் 1ஆம் அட்டவணை. அவற்றைக் கொன்றால் தண்டனை 3 ஆண்டில் தொடங்கி 7 ஆண்டு வரை போகும்.

தமிழக அரசு 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கு ஒரு வழி ஏற்படுத்தியது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியைச் சுடலாம், ஆனால் சுடுபவர் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளராக இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை ஆள் ஆகியோர் கொண்ட குழு மூலம் கோரிக்கை போக வேண்டும். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே உத்தரவிட்டு, லைசென்ஸ் வைத்திருக்கும் பட்டியலிட்ட ஆட்களைக் கொண்டு சுடச் செய்யலாம். தமிழகத்தில் அந்த ஏற்பாடு இல்லை. பக்கத்துக் குடகில் கொடவர்களுக்கு லைசென்ஸே தேவையில்லை என்ற பழைய விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருப்பதும் உண்மைதான். ஆனால் அந்த விலக்கு துப்பாக்கி வைத்திருப்பதற்கு மட்டுமே. காட்டு விலங்கைச் சுடும் விலக்கு குடகிலும் யாருக்கும் இல்லை.

ஒரே ஒரு நிலையில் சட்டம் விவசாயியின் பக்கம் நிற்கிறது. தன் உயிரையோ பிறர் உயிரையோ காப்பாற்ற, நல்லெண்ணத்துடன் ஒரு விலங்கைக் கொன்றாலும் காயப்படுத்தினாலும் அது குற்றம் ஆகாது என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே 'உயிர்' என்பது மனித உயிர். பயிர் அதில் சேராது. அந்த நேரத்தில் அவர் வேறு ஏதாவது குற்றம் செய்துகொண்டிருந்தால், உதாரணமாக வேட்டைக்குப் போயிருந்தால், இந்தப் பாதுகாப்பும் போய்விடும். செத்த விலங்கு அரசாங்கச் சொத்து.

ஆக, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி பரணில் இரண்டு வேலை செய்யும். சத்தம் போட்டு விரட்டும். மனித உயிர் போகிற கட்டத்தில் கடைசி முயற்சியாகப் பயன்படும். இந்த இரண்டில் அது எவ்வளவு நன்றாக உதவும் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் எந்தத் துப்பாக்கி என்று யோசிக்க வேண்டும்.

எந்தத் துப்பாக்கி?

பயிர்ப் பாதுகாப்புக்கு என்று சட்டம் முதலில் கை காட்டுவது வாய்வழியாக மருந்து அடைக்கும் துப்பாக்கியை. குழலின் வாயில் கருமருந்தைக் கொட்டி, துணியோ தேங்காய் நாரோ வைத்து இடித்து, மேலே ஈயக் குண்டுகளைப் போட்டு, மறுபடியும் இடித்து அடைக்க வேண்டும். ஒரு முறைதான் வெடிக்கும். அடுத்த வெடிக்கு முதலிலிருந்து அடைக்க வேண்டும். பழகிய கைக்கே பகலில் அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். இருட்டில், கை நடுங்கும்போது எவ்வளவு ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மழையில் மருந்து நமுத்துவிட்டால் வெடிக்கவே வெடிக்காது. மருந்து அளவு கூடினால் குழல் பிளந்து சுடுபவரின் கையையோ கண்ணையோ எடுத்துவிடும். சத்தம் பலமாக இருக்கும், அவ்வளவுதான்.

அது போதாது என்று ஆட்சியர் கருதினால் வேறு வழுவழுப்பான குழல் துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். நடைமுறையில் அது 12 போர் துப்பாக்கிதான். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்த அளவு இருக்குமோ, அதுதான் குழலின் உள் அளவு, கிட்டத்தட்ட 18.5 மில்லிமீட்டர். அந்தப் பெயர் வந்ததும் அப்படித்தான். குழலின் நீளம் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பின்பக்கம் மடித்துத் திறந்து தோட்டா போடும் ஒற்றைக் குழலும் இரட்டைக் குழலும் நம் ஊரில் அதிகம். லைசென்ஸ் புத்தகத்தில் எஸ்.பி.பி.எல்., டி.பி.பி.எல். என்று எழுதியிருக்கும். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை முன்பக்கக் கட்டையை இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் வகை 12 போர் துப்பாக்கியையும் செய்கிறது.

மூன்றில் விவசாயிக்கு எது? இரட்டைக் குழல்தான் என்பது பழகியவர்களின் கருத்து, அது சரியான கருத்தும்கூட. மடித்துத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். இருட்டில் விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். பரண் ஏறும்போதும் வரப்பு தாண்டும்போதும் திறந்தபடி தோளில் போட்டுக்கொண்டால் தவறி வெடிக்க வழியில்லை. பம்ப் துப்பாக்கியில் தோட்டா அதிகம் பிடிக்கும். ஆனால் உள்ளே ஒன்று மிச்சம் இருப்பதை மறந்துவிடும் ஆபத்தும் அதிகம்.

பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டா உட்காரும் அறையின் நீளம் பழையவற்றில் 65 மில்லிமீட்டர், புதியவற்றில் 70 மில்லிமீட்டர். 70 தோட்டா 65 அறைக்குள் நுழைந்துவிடும். ஆனால் வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலின் அடியில் அளவு பொறித்திருக்கும். இல்லையென்றால் லைசென்ஸ் பெற்ற கடைக்காரரிடம் அளந்து பார்த்த பிறகே தோட்டா வாங்க வேண்டும். அசல் தோட்டா கிடைக்கவில்லை என்று பழைய தோட்டா ஓட்டில் யாரோ மருந்து நிரப்பித் தருவதை வாங்கவே கூடாது.

ரைஃபிள் வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. .315 ரைஃபிளின் குண்டு குறி தவறினால் இரண்டு மூன்று தோட்டம் தாண்டியும் ஆளைக் கொல்லும். தோட்டத்துக்கு ஒரு வீடு இருக்கும் நம் ஊரில், இரவில், சமதரையில் அதற்கு வேலையே இல்லை. ஏர் கன் நேர் எதிர். ஆற்றல் குறைந்த ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால் பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். பன்றியின் தோலுக்குள் குண்டு தங்கி, அது சீழ் பிடித்துச் சாகும். மயில் மேல் பட்டால் 1ஆம் அட்டவணை வழக்கு.

20 மீட்டர், 3 நொடி

இப்போது உயிர்க் காப்புக் கணக்குக்கு வரலாம். யானை எவ்வளவு வேகமாக ஓடும் என்று தாய்லாந்தில் ஆசிய யானைகளை ஓடவிட்டு அளந்த ஆய்வு 2003இல் வெளியானது. அதில் அதிக வேகம் நொடிக்கு 6.8 மீட்டர், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர் அளவு. தோட்டத்தில் இரவு நேரத்தில் யானை கண்ணில் படும் தூரம் பெரும்பாலும் 20 மீட்டர்தான், புதர் இருந்தால் அதிலும் பாதி. 20 மீட்டரை அது 3 நொடியில் கடந்துவிடும். அந்த 3 நொடிக்குள் டார்ச்சைக் கீழே போட்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்து, பூட்டை நீக்கி, குறி பார்த்து, விசையை இழுக்க வேண்டும்.

இழுத்தாலும் என்ன ஆகும்? யானையின் தலை பெரிது, மூளை சிறிது. மேல்மண்டை முழுக்கத் தேன்கூடு போலக் காற்றறைகள் கொண்ட எலும்பு. மூளை அதற்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்து வேட்டைக்காரர்கள் யானைக்கென்றே கனத்த ரைஃபிள் வைத்திருந்தார்கள், அப்படியும் மிதிபட்டுச் செத்தவர்கள் உண்டு. 12 போர் ரவை யானையைக் காயப்படுத்தும், நிறுத்தாது. காயம்பட்ட யானை அடுத்த நாள் அந்த வழியாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளையை விரட்டும். பன்றிக்கும் கரடிக்கும் 12 போர் போதும்தான். ஆனால் கரடி பெரும்பாலும் உண்ணிச்செடிப் புதருக்குள் எதிர்பாராமல் நேருக்கு நேர் வந்து பாய்கிறது. துப்பாக்கி தோளில் தொங்கும், கரடி முகத்தில் இருக்கும்.

துப்பாக்கி சர்வ சாதாரணமான ஊர்களில் என்ன கண்டிருக்கிறார்கள்? அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் கரடிக்குப் பயந்து துப்பாக்கி எடுத்துப் போவது வழக்கம். அங்கே 1883 முதல் 2009 வரை நடந்த 269 கரடிச் சம்பவங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்து சுட்டவர்களுக்கும், வைத்திருந்தும் சுடாதவர்களுக்கும் காயத்திலோ சாவிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எடுக்க நேரம் இல்லை, பூட்டு நீக்க மறந்தது, குறி தவறியது, தோட்டா சிக்கியது என்பவை அங்கே தெரிந்த காரணங்கள். அதே ஆய்வாளர்கள் 2008இல் மிளகாய்க் காரம் பீய்ச்சும் கரடி ஸ்பிரேயையும் ஆராய்ந்திருந்தார்கள். அதை நெருக்கத்தில் பயன்படுத்தியவர்களில் 100க்கு 98 பேர் காயமின்றித் தப்பினார்கள். பீய்ச்சுவதற்குத் துல்லியமான குறி தேவையில்லை என்பது ஒரு காரணம். இந்த ஸ்பிரே யானைக்கு ஆகும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். துப்பாக்கியோடு பிறந்து வளர்ந்த ஊரிலேயே கதை இதுதான் என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மடை திறக்கும் ஆள்

பயிற்சியின் முதல் பாடம் குறி பார்ப்பது இல்லை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினைத்துக் கையில் எடுக்க வேண்டும், இப்போதுதான் காலி செய்தது என்றாலும். சுட விரும்பாத எதன் பக்கமும் குழல் திரும்பக் கூடாது. குறி நிச்சயமாகும் வரை விரல் விசைக்குள் போகக் கூடாது. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் சொல்வது இந்த நான்கைத்தான். 2016 விதிப்படி உள்ள பயிற்சியில் இவற்றோடு துப்பாக்கியைக் கையாளுதல், எடுத்துச் செல்லுதல், சுடும் முறை, பராமரிப்பு, பூட்டி வைத்தல் எல்லாம் வரும். மாவட்டத் தலைநகரங்களில் உள்ள ரைஃபிள் கிளப்புகளில் விசாரிக்கலாம்.

இந்த நான்கில் நம் ஊர் இரவில் முதலில் உடைவது கடைசி விதி. மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் விவசாயி இரவில்தான் தண்ணீர் பாய்ச்சப் போகிறார். சோளக்காட்டுக்குள் குனிந்து மடை திறக்கிறார். தட்டை அசைகிறது, சரசரவென்று சத்தம் வருகிறது. டார்ச்சை ஈரம் படக்கூடாது என்று வரப்பில் வைத்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துப் பரணிலிருந்து பார்ப்பவருக்கு அது பன்றி. பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி தமிழகத்திலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் அவ்வப்போது வருகிறது. செத்தவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சில சமயம் கூடப் போனவரே. அதற்கு அப்புறம் வரும் கொலை வழக்கும் இரண்டு குடும்பங்களின் பகையும் ஒரு போகம் மக்காச்சோளத்துக்கு ஈடாகுமா?

ஆகவே சத்தத்தை நோக்கிச் சுடுவது, அசைவை நோக்கிச் சுடுவது, கண் மின்னுவதைப் பார்த்துச் சுடுவது மூன்றும் கூடாது. மாட்டுக்கும் நாய்க்கும்கூடக் கண் மின்னும். குடித்துவிட்டுப் பரணில் ஏறுபவரிடம் துப்பாக்கி இருக்கவே கூடாது. இதில் சலுகை எதுவும் இல்லை. விரட்டுவதற்காகச் சுடுவதும் லைசென்ஸ் நிபந்தனைக்கு உட்பட்டதுதான். வானத்தை நோக்கிச் சுட்டால் குண்டு கீழே வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சத்தம் மட்டும் வேண்டுமென்றால் தகரம் தட்டினாலும் சத்தம் வரும். யானை இரண்டுக்கும் சீக்கிரம் பழகிவிடுகிறது.

லைசென்ஸில் பெயர் இல்லாத யாரும் துப்பாக்கியை எடுத்துப் போக முடியாது. அப்பாவுக்குக் காய்ச்சல் என்று மகன் பரணுக்கு எடுத்துப் போனால் இருவர் மேலும் வழக்கு வரும்.

வீட்டுக்குள் அது எங்கே இருக்கும் என்பதும் லைசென்ஸ் கேட்கும் முன்பே யோசிக்க வேண்டியது. துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், தோட்டா இன்னொரு பூட்டுக்குள், சாவி ஒருவரிடம். மச்சில் சாக்கு போட்டு மூடி வைப்பது பாதுகாப்பு இல்லை, பிள்ளைகள் முதலில் ஏறிப் பார்ப்பது மச்சைத்தான். கடன் நெருக்கடியும் குடும்பச் சண்டையும் நடக்கும் வீட்டில் பூச்சிமருந்தைக் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்கிறோம். துப்பாக்கி அதைவிடச் சீக்கிரம் வேலை முடித்துவிடும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் தராது. அப்படிப்பட்ட வீட்டுக்கு எந்த லைசென்ஸும் வேண்டாம்.

கள்ளத் துப்பாக்கியும் அவுட்டுக்காயும்

லைசென்ஸ் கிடைக்காத ஆத்திரத்தில் மலைக்கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி சத்தமில்லாமல் கைமாறுகிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை. செய்து கொடுத்தவருக்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. காவல்துறை அவ்வப்போது, தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவிக்கிறது. மச்சில் தாத்தா காலத்துக் குழல் கிடப்பவர்கள் அந்த அறிவிப்பை விட்டுவிடக் கூடாது.

அவுட்டுக்காய் இன்னும் மோசம். பன்றிக்கு வைத்ததை மாடு கடிக்கும், நாய் கடிக்கும், யானைக்குட்டி கடிக்கும். உருட்டும்போதே கை போனவர்களும் உண்டு. மின்கம்பத்திலிருந்து நேராகக் கம்பி இழுப்பதும் இதே கணக்குதான். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப் போட்ட வேலியில் 3 யானைகள் செத்தன, 2 குட்டிகள் தாயில்லாமல் நின்றன. நிலத்துக்காரர் கைதானார். இந்தக் கம்பியில் செத்துப்போன விவசாயிகளும் ஏராளம்.

சோலார் வேலி போடலாம். அது துடிப்பு துடிப்பாக அதிர்ச்சி தரும், கொல்லாது. ஆனால் காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் என்றால் 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். மானியம் நடப்பில் இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். செடி கொடி கம்பியில் படாமல் வாரம் ஒருமுறை வெட்டாவிட்டால் வேலி வெறும் கம்பிதான்.

இரவுக் காவலில் உயிர் காப்பது

வால்பாறையில் யானையிடம் இறந்தவர்களைப் பற்றி நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஆராய்ந்தபோது தெரிந்தது, பெரும்பாலானோர் பக்கத்தில் யானை இருப்பதே தெரியாமல் போய் மாட்டியவர்கள் என்பது. அதனால் அவர்கள் யானை எங்கே நிற்கிறது என்பதை மாலையிலேயே குறுஞ்செய்தியிலும் உள்ளூர் கேபிள் டி.வி.யிலும் சொல்லத் தொடங்கினார்கள். ஊர் முனைகளில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். யானை அருகில் இருந்தால் ஊர்க்காரரே செல்போனில் அழைத்து அந்த விளக்கை எரியவிடலாம். இந்த வேலைக்காக அதன் ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. தோட்டத் தொழிலாளர்கள் கையில் துப்பாக்கி எதுவும் இல்லை. யானை இருக்கும் இடம் தெரிந்தது, போகாமல் இருந்தார்கள்.

இதை ஓர் ஊர் தன் அளவில் செய்யலாம். வாட்ஸ்அப் குழு எல்லா ஊரிலும் இருக்கிறது. அதில் காலை வணக்கம் போடுவதைக் குறைத்துவிட்டு, எந்தப் பரணில் யார் இருக்கிறார்கள், யார் மடை மாற்றப் போகிறார்கள், யானை எந்தப் பள்ளத்தில் இறங்கியது என்று போட்டால் பாதி ஆபத்து குறையும். காவலுக்கு ஒருவராகப் போகக் கூடாது. பரண் யானைத் துதிக்கைக்கு எட்டாத உயரத்தில், நல்ல மரத்தில் இருக்க வேண்டும். இறங்கி விரட்டப் போகக் கூடாது. இறந்தவர்கள் பலர் பரணில் இறக்கவில்லை, இறங்கிய பிறகுதான் இறந்தார்கள். விடியற்காலையில் ஒதுங்கப் போகும்போதும் டார்ச் இல்லாமல் போகக் கூடாது.

யானை எதிர்ப்பட்டால் டார்ச்சை அதன் கண்ணில் அடித்துக்கொண்டு நிற்காமல், சத்தமில்லாமல் பின்வாங்கி, நடுவில் மரமோ பள்ளமோ சுவரோ இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். குட்டி இருந்தால் இடைவெளியை இன்னும் கூட்ட வேண்டும். துரத்தினால் தோளில் இருக்கும் துண்டையோ பையையோ போட்டுவிட்டு ஓடினால், சில நேரம் அது அதில் நின்றுவிடும். கரடி நடமாடும் புதர்ப் பாதையில் பேசிக்கொண்டோ தடியால் தட்டிக்கொண்டோ போனால் அதுவே விலகிவிடும். பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் பின்கழுத்தையும் தலையையும் மூடிக்கொள்வதுதான் முகத்தைக் காப்பாற்றும். சிறுத்தை இருக்கும் இடத்தில் குனிந்து புல் அறுப்பவரோடு நிமிர்ந்து நின்று பார்க்க ஓர் ஆள் இருக்க வேண்டும்.

பழைய துப்பாக்கி பற்றி

வாசகர்களின் கேள்விகளில் பெரும்பகுதி புதிய லைசென்ஸ் பற்றி இல்லை, அப்பா பெயரில் இருக்கும் துப்பாக்கி பற்றி. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசுதாரர் தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதமும் இருந்தால் சிக்கல் இல்லை. அப்பா உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு. அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அவர் அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ மகனோ மகளோ விண்ணப்பிக்கலாம். பயிற்சிச் சான்றும் மருத்துவச் சான்றும் அவர்களுக்கும் வேண்டும். தேர்தல் நேரத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வாங்க மறந்தவர்கள் லைசென்ஸ் முடியும் தேதியைப் பார்த்துக்கொள்ளட்டும். முடிந்த லைசென்ஸோடு துப்பாக்கியைத் திரும்பத் தர மாட்டார்கள்.